திரும்பிப் பார்க்காதவனின் அட்டை

அந்த ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது மாடியில் உலகத்துக் கதைகள் இழுப்பறைகளில் படுத்திருந்தன. கிரேக்கக் கதையோ ஜப்பான் கதையோ, எதுவானாலும் உள்ளங்கையளவு அட்டை ஒன்று. அதில் சுருக்கத்துக்கு மூன்று வரி. பத்து வருஷம் முற்றுகையிட்டு ஒரு நகரத்தையே கொளுத்தினாலும் மூன்று வரிதான். கிணற்றுத் தவளை வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே குதித்தாலும் மூன்று வரிதான். சமத்துவம் சமத்துவம் என்று ஆளாளுக்கு மேடையில் முழங்குகிறார்களே, அது சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்த ஒரே இடம் அது.

அட்டைகளைத் தட்டச்சு செய்கிறவளுக்கு அட்டையக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது; வேறெங்கும் அதற்கு வேலையில்லை. அவளைவிடப் பத்து வயது மூத்த வாசல் காவலாளிகூட அக்கா என்றுதான் கூப்பிட்டார். இருபத்தாறு வருஷ வேலையில் அவள் விரல் வழியாகப் போகாத அரக்கனில்லை, மீட்கப்படாத இளவரசியில்லை. ஆனால் அவளுக்குக் கதை என்றாலே பிடிக்காது. மிட்டாய்க் கடையில் நிற்கிறவன் வீட்டுக்குப் போய் மிளகாய் கேட்பதைப் போல, அவள் செய்தித்தாளில் வானிலை அறிக்கையை மட்டும் படிப்பாள். அதில் ஒருத்தரும் ஒருத்தரை ஏமாற்றுவதில்லை என்பாள். வானிலை அறிக்கைமேல் அப்படியொரு நம்பிக்கை வைத்த மனுஷி உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

பிடிக்காதது விடுவதும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சன்னல் சட்டங்களின் வழியாக வெயில் வரிவரியாக இழுப்பறைகள்மேல் சரியும் அந்த ஒரு மணி நேரத்தில், விரல்கள் தாமாகவே தட்டிக்கொண்டிருக்கும். கண் பாதி மூடியிருக்கும். அப்போது அட்டைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வருவார்கள். பாதாளத்தில் மாதுளை முத்துகளைத் தின்றதால் வருஷத்தில் சில மாதம் அங்கேயே கிடக்க வேண்டியிருந்த கிரேக்கப் பெண்ணும், பாதாளத்து அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப முடியாமல் போன ஜப்பானியத் தேவியும் சன்னலோரம் உட்கார்ந்து, நீ எத்தனை முத்து தின்றாய், நான் முழுச் சாப்பாடே சாப்பிட்டுவிட்டேனடி என்று அங்கலாய்த்துக்கொள்வார்கள். ஏழு வாசலில் ஏழு உடைமையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிய சுமேரிய அம்மாள் கதவோரம் நின்று, போர்த்திக்கொள்ள ஏதாவது உண்டா என்பாள். அட்டையக்கா நாற்காலி முதுகில் தொங்கும் தன் கம்பளிச் சால்வையை நீட்டக் கையெடுப்பாள். தட்டச்சுப் பொறியின் மணி அடிக்கும். வரி முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தப் பாதாளவாசிகள் இத்தனை பேர் அங்கே சேர்ந்ததற்குக் காரணம் பேராசிரியை. ஆயுசு முழுக்க, செத்தவர்களின் உலகத்துக்கு இறங்கிப் போனவர்களின் கதைகளையே ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரைப் பாதாளம் மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால். அவர் போட்ட விதிகள் கறாரானவை. சொன்னவரின் பெயர் அட்டையில் வரக் கூடாது. வயதும் தொழிலும் போதும். முடிவுக்குத் தனிக் கட்டம். எல்லாவற்றுக்கும் கீழே 'யாரிடம் கேட்டது' என்றொரு கட்டம். அதுதான் அட்டைக்கு முதுகெலும்பு என்பார். ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்கு வந்திருந்தால் கதை. தானே கட்டியிருந்தால் புளுகு. புளுகு என்று தெரிந்தால் அட்டையின் மூன்று நகல்களையும் தேடி எடுத்து, தட்டச்சு செய்தவர் கையாலேயே கிழிக்க வேண்டும். அட்டையக்கா இதுவரை பதினேழு புளுகுகளைக் கிழித்திருக்கிறாள். ஒன்றையும் கிழிக்கும் முன் மறுபடி படித்ததில்லை.

அவளுடைய கணவர் லிஃப்ட் இயக்குபவராக இருந்தார். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பதினோரு மாடிக் கட்டடம். தரைக்குக் கீழே இரண்டு தளம். கதவுப் பக்கம் பார்த்தபடி, பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏறுகிறவர்களுக்கு முதுகைக் காட்டி முப்பது வருஷம் நின்றவர். மனைவி வீட்டில் வாயைத் திறந்து ஒரு கதை சொன்னதில்லை என்று யாராவது நினைத்தால் தப்பு. கதை பிடிக்காதவள் தினமும் காலையில் அவருக்கு முந்தின நாள் அட்டைகளை ஒப்பிப்பாள், கிண்டலுக்காக. அவர் ஒவ்வொன்றையும் பழுது பார்ப்பார். மெக்கானிக்குக்கு அண்ணன் மாதிரி, எந்தக் கதையிலும் எங்கே திருகு கழன்றிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

ஒரு நாள் அந்தக் கிரேக்க இசைக்காரனின் கதை வந்தது. செத்துப்போன மனைவியைத் தேடிப் பாதாளம் போனான். வாசித்துக் காட்டி அங்கிருந்த ராஜாவையே கரைத்தான். கூட்டிக்கொண்டு போ, அவள் பின்னால் வருவாள், வெளிச்சத்துக்குப் போகிறவரை திரும்பிப் பார்க்காதே என்றார்கள். பார்த்தான். போய்விட்டாள். அவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"இவன் என்ன ஆளு? திரும்பாம நிக்கறது ஒரு வேலையா? நான் முப்பது வருஷமா அதைத்தானே பண்றேன்" என்றார். பிறகு அவரே சொல்ல ஆரம்பித்தார். அவருடைய ஆள் திரும்பமாட்டான். பின்னால் இருப்பவள் மூச்சு வாங்குவது கேட்கும், எந்தக் காலை முதலில் வைக்கிறாள் என்று தெரியும், அப்புறம் எதற்குக் கழுத்தைத் திருப்பணும் என்று கேட்டுக்கொண்டே படிப்படியாக ஏற்றினார். சில நாள் அவள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய், மற்றவர்களோடு கூட்டத்தில் லிஃப்ட்டில் ஏறி நிற்பாள். அவர் திரும்பாமலே, வந்திருப்பது அவள்தான் என்று தெரிந்து, "பதினொண்ணா?" என்பார். அதனால் அந்தக் கதையில் அவளுக்கு நம்பிக்கை வந்தது. வானிலை அறிக்கையில் வருகிற மாதிரி.

இரண்டு மாதத்தில் அவர் போய்விட்டார். இதயம். லிஃப்ட்டில் அல்ல, செருப்பு வாங்கப் போன கடையில்.

வேலைக்குத் திரும்பிய முதல் மதியம் அட்டையக்கா புது அட்டை மூன்றை எடுத்து நடுவில் கார்பன் வைத்துப் பொறியில் செருகினாள். *கணவன் முன்னே, மனைவி பின்னே. திரும்பிப் பார்க்கத் தடை. மூச்சொலியால் அறிந்தான், திரும்பவில்லை.* முடிவு: *மீண்டனர்.* சொன்னவர்: *ஆண், 54, லிஃப்ட் இயக்குபவர்.* கடைசிக் கட்டத்தில் விரல் கொஞ்சம் நின்றது. 'மனைவியிடம்' என்று போட்டால் எந்த மனைவி என்று மேடம் கேட்பார், அட்டை அரை நாள் தாங்காது. *முன்னோரிடம்* என்று தட்டினாள். சேகரித்தவர் கட்டத்தைக் காலியாக விட்டாள். மூன்று இழுப்பறையில் மூன்று நகலைப் போட்டு மூடினாள். கண் கலங்கக்கூட இல்லை. மறுநாள் நரிக் கதைகள் வந்தன.

ஒன்பது வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பேராசிரியை அந்த அட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு, பிறந்த குழந்தையைக் காட்ட வருகிறவர் மாதிரி வந்தார். மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. வெள்ளிக்கிழமை விடைபெறும் உரை. அதை ஒட்டிப் புத்தகம். அந்தப் புத்தகத்தில் ஒரு பள்ளம் இத்தனை வருஷமாகத் தூராமல் கிடந்தது. ஒரு பக்கம், திரும்பிப் பார்த்து மனைவியைத் தொலைத்த கிரேக்கன். விளக்கைக் கொளுத்திப் பார்த்துவிட்டு ஓடிவந்த ஜப்பானியன். மறுபக்கம், எமன் பின்னாலேயே நடந்துபோய்ப் பேச்சில் மடக்கிக் கணவனை வாங்கி வந்தவள். கடல் தீவுகளில் மனைவியின் உயிரைச் சிரட்டையில் பிடித்துக் கொண்டுவந்தவன்கூட உண்டு. ஆனால் அவனுக்குத் திரும்பாதே என்ற நிபந்தனை இல்லை. நிபந்தனையும் இருந்து, அதைக் காப்பாற்றியும், மீட்டும் வந்தவன் யார்? அவருடைய நாற்பதாயிரம் அட்டையில் அப்படி ஒருவன் இல்லை என்றுதான் நினைத்திருந்தார்.

"இருக்கான்மா. நம்ம கிட்டயே இருந்திருக்கான். எந்தப் பையன் சேகரிச்சுட்டுப் பேரு போடாம போனானோ. நீங்கதான் கண்டுபிடிக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

ஆக, அட்டையக்காவைத் தேடும் பொறுப்பு அட்டையக்காவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவள் சரி மேடம் என்றாள். அன்று முழுக்க அவள் பழைய பதிவேடுகளைப் புரட்டினாள் என்பதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் புரட்டினாள். தான் கிடைக்கமாட்டோமா என்று நிஜமாகவே தேடினாள்.

சொன்னால் அட்டை கிழியும். அந்த மனுஷன் பேசியதில் பூமியில் மிச்சம் இருந்தது அந்த மூன்று வரிதான். படம் இருக்கிறது, சட்டை இருக்கிறது, ஆனால் படமும் சட்டையும் பேசுவதில்லை. சொல்லாவிட்டால் ஒரு பெண்ணின் நாற்பது வருஷ உழைப்பு ஒரு புளுகின் தலையில் போய் உட்காரும். அதுவும், புளுகை மோப்பம் பிடிப்பதற்கென்றே விதி எழுதிய பெண்.

வீட்டில் அவளும் நாத்தனாரும் மட்டும். கணவரின் அக்கா, பள்ளிச் சீருடைகளுக்கு விளிம்பு அடித்துக் கொடுப்பவள். தம்பி போன பிறகு ஒரு பெட்டியோடும் தையல் மெஷினோடும் வந்தவள் போகவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்லியே நன்றாக வாழ்ந்தார்கள். அட்டையக்கா விஷயத்தைச் சொன்னபோது நாத்தனார் வாயில் குண்டூசிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திவிட்டுத்தான் பேசினாள்.

"அவன் சொன்னதைத்தானே எழுதின?"

"ஆமா அண்ணி. யார்கிட்ட கேட்டதுங்கறது மட்டும்தான் பொய்."

"அப்ப விடு. அவன் உயிரோட இருந்தப்பவே அவன் பேச்சை யாரும் எடுத்துக்கிட்டதில்ல. ஒரு அம்மா நாற்பது வருஷம் படிச்சுட்டு இப்பதான் எடுத்துக்கறாங்க. நீ எதுக்கு நடுவுல கட்டையைப் போடற?" ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சேர்த்துக்கொண்டாள்: "என் தம்பி எதையாவது முழுசா செஞ்சான்னு ஒரு காகிதம் இருக்குன்னா, அது இதுதான்டி."

வியாழக்கிழமை மதியம் அவள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அந்தப் பதினோரு மாடிக் கட்டடத்துக்குப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. புத்தகத்தில் போகப்போகும் மனுஷனை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்பது போல ஒரு நினைப்பு.

லிஃப்ட் புதிது. கைப்பிடி இருந்த இடத்தில் வெளிச்சப் பொத்தான்கள். ஓட்ட ஆள் கிடையாது. அவள் முதலில் அடித்தளத்துக்கு இறங்கினாள். கதவு திறந்தது, குளிர்ந்த சிமெண்டு வாசம், எங்கோ ஒரு மோட்டாரின் முனகல், மங்கலான குழல்விளக்கில் வரிசையாகத் தூங்கும் வண்டிகள். யாரும் ஏறவில்லை. கதவு மூடியது. மேலே கிளம்பியது. தரைத்தளத்தில் கூட்டம் ஏறிற்று. அவள் பின்சுவருக்கு ஒதுங்கினாள். எல்லாரும் கதவைப் பார்த்து நின்றார்கள். எத்தனை முதுகுகள். பழுப்புச் சட்டை முதுகு, நீலச் சட்டை முதுகு, பையை மாட்டிய முதுகு. ஒருவரும் திரும்பவில்லை. வயிற்றுக்குள் மெல்லிய ஒரு மிதப்பு. காதுக்குள் பஞ்சு வைத்த மாதிரி. அந்த முதுகுகளில் ஒன்று சொல்லட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு அவள் கதையைக் கேட்டாள். முன்னால் அவன் போகிறான். மூச்சுச் சத்தம் கேட்கிறது. எந்தக் கால் முதலில் என்று தெரிகிறது. படி, இன்னொரு படி, இன்னொரு படி. அதற்கப்புறம் அவர் குரல் வரவேயில்லை.

பதினோராவது மாடியில் கதவு திறந்து எல்லாரும் இறங்கிப் போனார்கள். அவள் மறுபடி கீழே போனாள். மறுபடி கேட்டாள். அதே படியில் நின்றது. மூன்றாவது தடவை இறங்கும்போதுதான் காலை வெளிச்சத்தோடு அந்த நாள் முழுசாகக் கண்முன் வந்தது. கதையின் நடுவில் தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. அவர் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சாயங்காலம் வந்தார். ஆனால் அன்று குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் குழாயைப் பற்றிப் பேசினார்கள், வாஷரைப் பற்றிப் பேசினார்கள், தூங்கினார்கள். மிச்சக் கதையை அவர் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. 'மீண்டனர்' அவருடையது அல்ல. ஒன்பது வருஷமாக அவர் சொல்லி அவள் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்த அந்த ஒரே சொல், அவளே தட்டியது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உரை. ஒன்பது மணிக்கே அவள், இழுப்பறைகள் இருந்த அந்த அறையிலேயே, பேராசிரியையின் முன்னால் நின்றாள். மேசைமேல் அந்த அட்டையை வைத்து எழுதிய அத்தியாயம், முப்பத்திரண்டு பக்கம், ஊசி குத்தி இருந்தது. லிஃப்ட்காரர் தன் வீட்டுக்காரர் என்றும், முன்னோர் என்று போட்டது தன் பொய் என்றும், அவர் கேட்டது தன்னிடம், தான் கேட்டது இதே அறையில் இருக்கும் கிரேக்க அட்டையிடம் என்றும் ஒரே மூச்சில் சொன்னாள்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுக்கொள்ளாமலே இருந்தார். கோபம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் அவருக்குள் கோபத்தைவிட ஆராய்ச்சி சீக்கிரம் விழித்துக்கொள்ளும். ஒரு வாழ்நாள் வேலையை ஒரே மூச்சில் தூக்கிப் போட யாருக்குத்தான் மனசு வரும். பழைய கதையைக் கேட்ட ஒரு சாதாரண மனுஷன், தன் தொழிலை வைத்தே அதன் முடிவை மாற்றினான் என்றால் அதுவும் ஒரு சான்றுதானே என்று மெல்ல ஆரம்பித்தார். கடைசிக் கட்டத்தைத் திருத்தலாம். அத்தியாயத்தில் நாலு பக்கம் மாற்றலாம். அவர் முடிவை மாற்றினார் என்பது இருந்தால் போதும்.

கரையேறக் கயிறு கையெட்டும் தூரத்தில் தொங்கியது. அட்டையும் பிழைக்கும், புத்தகமும் பிழைக்கும். நாத்தனாருக்குக்கூட ஒரு காகிதம் மிஞ்சும்.

"அவர் மாத்தல மேடம்," என்றாள் அட்டையக்கா. "முடிவை அவர் சொல்லவேயில்ல. பஸ் வந்துடுச்சு. மீண்டனர்னு போட்டது நான்."

"அப்புறமா கேக்கலையா?"

"குழாய் ஒழுகுச்சு மேடம்."

பேராசிரியை சிரித்தாரா இருமினாரா என்று சொல்ல முடியாது. எழுந்துபோய் மூன்று இழுப்பறைகளைத் தானே திறந்து மூன்று நகலையும் கொண்டுவந்து நீட்டினார். அட்டையக்கா கிழித்தாள். அந்த அட்டை கெட்டியானது. நேராகக் கிழியாது, கோணலாகத்தான் கிழியும். முதல் நகல் சுலபமாகப் போயிற்று. இரண்டாவதில் கார்பன் நீலம் விரலில் ஒட்டியது. மூன்றாவதைக் கிழிக்கும் முன், ஆயுசில் முதல்முறையாக, அதிலிருந்ததை ஒருமுறை படித்தாள்; பிறகு கிழித்தாள். துண்டுகளைக் கூடையில் போட்டுவிட்டு, சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானாள். வேலை போய்விட்டது என்றே எண்ணிக்கொண்டாள். அதில் பெரிய வருத்தம்கூட இல்லை, எல்லாம் கொஞ்சம் தூரத்தில் நடப்பது மாதிரி இருந்தது.

"எங்க போறீங்க? உக்காருங்க." பேராசிரியை தட்டச்சுப் பொறியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியைக் காட்டினார். "சொல்றவங்க தன் அட்டையைத் தானே அடிக்கக் கூடாது. பெண், வயசு?"

"ஐம்பத்தேழு."

"தொழில் தெரியும். யாரிடம் கேட்டது?"

"வீட்டுக்காரர்கிட்ட."

"உரைக்கு இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு. இன்னிக்கு என்கிட்ட ஒரு அத்தியாயம் கம்மி; உரை கேக்க வர்றவங்ககிட்ட அதைத்தான் சொல்லணும், எப்படிக் கம்மியாச்சுன்னும் சொல்லிடறேன். நீங்க சொல்லுங்க. மூணு வரியெல்லாம் வேண்டாம். அவர் சொன்ன மாதிரியே."

நாற்காலி அவளுக்குப் பழக்கமில்லாத உயரம். அங்கிருந்து பார்த்தால் இழுப்பறைகள் வேறு மாதிரித் தெரிந்தன. ஒரு பெரிய கட்டடத்தின் சன்னல்கள் போல, ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ குடியிருப்பது போல. கதை பிடிக்காத அந்த மனுஷி தொண்டையைச் செருமிக்கொண்டாள். இவன் என்ன ஆளு என்பதிலிருந்து ஆரம்பித்தாள். அவர் தட்டில் எதை எங்கே ஒதுக்கினார், எந்த இடத்தில் விரலை ஆட்டினார், மூச்சு வாங்குவதை எப்படி வாங்கிக் காட்டினார் என்பதெல்லாம் வந்தது. பேராசிரியை இரண்டு விரலால் தடவித் தடவித் தட்டினார். ஒரு எழுத்துக்கு இரண்டு எழுத்து விழுந்தது. கதை மெதுவாகத்தான் ஏற வேண்டியிருந்தது. படி, இன்னொரு படி, இன்னொரு படி.

"அவ்வளவுதான்," என்றாள் அட்டையக்கா. "இதுவரைக்கும் அவர் சொன்னது."

பேராசிரியை முடிவுக் கட்டத்தை ஒரு கணம் பார்த்தார். அதைத் தொடாமல் அட்டையை உருவினார்; ஈரம் இருப்பது போல ஓரத்தில் பிடித்து மேசைமேல் வைத்தார். கீழே அரங்கத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

"இன்னொரு அட்டை போடுங்க மேடம்," என்றாள் அட்டையக்கா. "அதுக்கு மேல நான் சொல்றேன். யாரிடம் கேட்டதுங்கற இடத்துல யாரிடமும் இல்லன்னு போட்டுக்குங்க."

அப்படியொரு அட்டைக்கு அந்தக் கட்டடத்தில் இழுப்பறை கிடையாது. விதிகளை எழுதிய அம்மாளுக்கே அது நன்றாகத் தெரியும். பேராசிரியை புது அட்டையைச் செருகி, உருளையைத் திருகி, இரண்டு விரலையும் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.